பாங்கிக்குக் காவல் உண்டு, வாங்கியவனுக்கு?

பணம் படைத்தவனுக்கு வீடு பத்தில் ஒன்று. பாட்டாளிக்கோ, அது ஒன்றே ஒன்று! இருபது ஆண்டு ஆலையிலே தேய்ந்த உடம்பு, இல்லாள் கழுத்திலிருந்து இறங்கிய நகை, பிள்ளைகள் கேட்டும் வாங்கித் தராமல் விட்ட பண்டம், இவ்வளவும் சேர்ந்துதான் அவனுக்கு நான்கு சுவராக எழுந்து நிற்கிறது. அந்த வீட்டில் குடியேறிய பிறகு, முன்பின் அறியாத ஒருவன் வாசலில் வந்து நின்று, "இது என் பாட்டன் சொத்து, உனக்கு விற்றவனுக்கு இதை விற்கப் பாத்தியதையே கிடையாது" என்று சொன்னால்? சொன்னதோடு நில்லாமல், அதை நீதிமன்றத்தில் நிரூபித்தும் விட்டால்?

இந்த அச்சம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று, தோழர்களே! செல்வச் சீமை என்று பேசப்படுகிற அமெரிக்காவிலும் இது உண்டு. அங்கே இதற்கு ஒரு காவல் ஏற்படுத்தியிருக்கிறார்கள். உரிமைக் காப்பீடு என்பது அதன் பெயர். உயிருக்கு இன்ஷூரன்ஸ் போல, வண்டிக்கு இன்ஷூரன்ஸ் போல, சொத்தின் பாத்தியதைக்கு எடுக்கும் இன்ஷூரன்ஸ் அது.

காவல் இருக்கிறது, ஆனால், அது யாருக்குக் காவல்? கடன் கொடுத்த பாங்கிக்கு அது கட்டாயமாகக் கிடைத்துவிடுகிறது. காசு கொடுத்து வீடு வாங்கியவனுக்கோ, அவன் கேட்டு வாங்கினால்தான் உண்டு. அவனோ கேட்பதில்லை, காரணம், அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. அதை எடுத்துச் சொல்லும் இடத்தில் இருப்பவர் ஒருவர், வீட்டுத் தரகர்! வாங்குவோரிடம், "உங்கள் பெயருக்கும் ஒரு உரிமைக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தரகர் சொல்லியே தீரவேண்டும். அது அவர் காட்டும் தயவல்ல; வாங்கும் தரகுக்குச் செய்யவேண்டிய கடமை. இதுவே நாம் இங்கு எடுத்துரைக்க விரும்புவது.

அமெரிக்கச் சங்கதி நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்கள் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். பேச்சு கடைசியில் நம் ஊர்ப் பத்திர ஆபீஸ் வாசலில்தான் வந்து நிற்கப் போகிறது.

பதிவு வேறு, பாத்தியதை வேறு

அமெரிக்காவில் நிலம், வீடு பற்றிய பத்திரங்கள் அந்தந்த மாவட்ட அலுவலகத்தில் பதிவாகின்றன. பதிவு செய்யும் அலுவலர் பத்திரத்தை வாங்குகிறார், எண் போடுகிறார், வரிசையில் சேர்க்கிறார். விற்பவன் உண்மையில் சொந்தக்காரன்தானா, கையெழுத்து மெய்யா பொய்யா, மறைந்துபோன வாரிசு எவரேனும் உண்டா என்று அவர் தீர்ப்பளிப்பதில்லை. உங்கள் பத்திரம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்பதுதான் அந்த அலுவலகம் தரும் உறுதி. உங்கள் சொத்து உங்களிடம் பத்திரமாக இருக்கும் என்ற உறுதியை அது தருவதில்லை!

ஆகவே, வாங்குவதற்கு முன் பழைய பதிவுகளைப் புரட்டி வில்லங்கம் பார்க்கிறார்கள். நல்ல வழக்கந்தான். ஆனால் வில்லங்கம் பார்ப்பவர் எழுதி வைத்ததைத்தான் பார்க்க முடியும். எழுதாமல் விட்டதை எப்படிப் பார்ப்பார்? அண்ணன் தம்பி நால்வரில் ஒருவரை மறைத்து மூவர் விற்றால், மறைக்கப்பட்டவர் பெயர் அந்தப் பத்திரத்தில் இராது. மனைவியின் கையெழுத்தும் வேண்டிய இடத்தில், "எனக்கு மணமாகவில்லை" என்று ஒருவன் பொய் சொல்லி விற்றால், அந்தப் பொய்யும் அழகாகப் பதிவாகிவிடும். கள்ளக் கையெழுத்து, நல்ல கையெழுத்தைப் போலத்தான் காகிதத்தில் கிடக்கும். ஆள்மாறாட்டம் செய்தவன், தன்னை ஆள்மாறாட்டக்காரன் என்று எழுதிக் கொடுப்பானா?

இந்தக் காப்பீடு பிறந்த கதையே இதற்குச் சான்று. பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியா நகரில், மூர்ஹெட் என்பவர் பத்திரம் எழுதி, வில்லங்கம் பார்த்துத் தரும் தொழில் செய்தவர். வாட்சன் என்பவர் ஒரு சொத்துரிமையை வாங்குமுன் வில்லங்கம் பார்க்கும் வேலையை அவரிடம் ஒப்படைத்தார். கோர்ட்டுத் தீர்ப்பால் வந்த கடன் பாக்கி ஒன்று மூர்ஹெட் கண்ணில் பட்டது. அவர் வழக்கறிஞரிடம் கருத்துக் கேட்டார். "அது இந்தச் சொத்தைப் பிடிக்காது" என்றார் வழக்கறிஞர். அதை நம்பி, வில்லங்கம் இல்லை என்று வாட்சனிடம் சொல்லப்பட்டது. வாட்சன் வாங்கினார். பிறகு என்ன ஆயிற்று? பிடிக்காது என்ற கடன் பிடித்தது! சொத்து ஏலத்துக்குப் போயிற்று. வாட்சனுடைய பணமும் அதோடு போயிற்று.

வாட்சன் வழக்குத் தொடுத்தார். 1868ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூர்ஹெட் நல்லெண்ணத்தோடு, வழக்கறிஞர் சொல்லைக் கேட்டு நடந்தார். அவர் கவனக்குறைவாக இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆகவே நஷ்ட ஈடு தரவேண்டியதில்லை என்றது மன்றம். எண்ணிப் பாருங்கள்! பார்த்தவர்மீது குற்றம் இல்லை. கருத்துச் சொன்னவர்மீது வழக்கு இல்லை. ஒரு பாவமும் அறியாத வாங்கியவர் மட்டும் முழு நஷ்டத்தையும் சுமக்கிறார்.

அந்தத் தீர்ப்பு மக்களை உலுக்கிற்று. 1874ல் பென்சில்வேனியாவில் பாத்தியதைக்கு இன்ஷூரன்ஸ் தரும் நிறுவனங்களை அனுமதிக்கும் சட்டம் வந்தது. 1876ல் பிலடெல்பியாவில் அத்தகைய முதல் நிறுவனம் தோன்றியது. யார்மீது குற்றம் என்று தேடிக்கொண்டிராமல், பாத்தியதையில் பழுது வெளிப்பட்டு நஷ்டம் நேர்ந்தால் ஈடு செய்வது என்ற ஏற்பாடு அன்று பிறந்தது.

அதெல்லாம் குதிரை வண்டிக் காலத்துக் கதை என்று எண்ணிவிட வேண்டாம். 2011ல் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. ஹேவர்ஹில் என்ற ஊரில் ஒரு சொத்து, கடன் பாக்கிக்காக ஏலத்துக்கு வந்தது. ஏலம் நடத்தியது ஒரு பெரிய பாங்கி. அந்தப் பாங்கியிடமிருந்து ஒருவர் 2006ல் சொத்தை வாங்கிக்கொண்டார். பிறகு ஆராய்ந்து பார்த்தால், ஏலம் நடந்த நாளில் அந்த அடமானமே பாங்கியின் பெயருக்கு மாறியிருக்கவில்லை! ஏலம் செல்லாது, செல்லாத ஏலத்தில் பாங்கிக்குப் பாத்தியதை வரவில்லை, பாங்கிக்கே இல்லாத பாத்தியதையை அதனிடம் வாங்கியவருக்கு எப்படித் தரமுடியும் என்று கூறிவிட்டது மன்றம். பாங்கியிடம் வாங்கினேன், பத்திரம் பதிந்தேன், பணம் முழுதும் கட்டினேன் என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடவில்லை.

பணம் கட்டுபவன் ஒருவன், பாதுகாப்பு மற்றவனுக்கு!

அமெரிக்காவில் இந்தக் காப்பீடு இரண்டு வகை. ஒன்று கடன் கொடுத்தவருக்கு, மற்றொன்று சொந்தக்காரருக்கு. இந்த வேறுபாட்டில்தான் ஏழை ஏமாந்து போகிறான்.

டெட்ராய்ட் நகரத்து மோட்டார் ஆலைத் தொழிலாளி ஒருவன் வீடு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். விலை 3 லட்சம் டாலர். பாங்கி கொடுப்பது 2 லட்சத்து 40 ஆயிரம். அவன் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது 60 ஆயிரம். கிரயம் முடிக்கும் நாளில் ஒரு கட்டுக் காகிதத்தை அவன் முன் வைக்கிறார்கள். "இங்கே ஒரு கையெழுத்து, அங்கே ஒரு கையெழுத்து" என்கிறார்கள். செலவுப் பட்டியலில் உரிமைக் காப்பீடு என்று ஒரு வரி இருக்கிறது. பணம் கட்டுகிறான். "ஆஹா, என் வீட்டுக்குக் காவல் வந்துவிட்டது!" என்று நிம்மதிப் பெருமூச்சு விடுகிறான்.

வந்தது யாருக்குக் காவல்? பாங்கிக்கு! கடன் கொடுக்கும் பாங்கிகள் பெரும்பாலும் இந்தக் காப்பீட்டை நிபந்தனையாகவே வைக்கின்றன. கட்டணத்தை வழக்கமாகக் கட்டுவது கடன் வாங்குபவன். பாதுகாக்கப்படுவதோ பாங்கியின் 2 லட்சத்து 40 ஆயிரம். கடன் குறையக் குறைய அந்தக் காவலின் அளவும் குறைந்துகொண்டே வரும்; கடன் தீர்ந்த அன்று காவலும் தீர்ந்துவிடும். தொழிலாளியின் 60 ஆயிரத்துக்கு அதில் ஒரு சல்லிக் காசு பாதுகாப்பும் கிடையாது. வீடும் கைவிட்டுப் போய், கடன் பத்திரத்தில் போட்ட கையெழுத்து மட்டும் அவன் கழுத்தில் தொங்கும் நிலைகூட வரக்கூடும்.

சொந்தக்காரர் காப்பீடு இதற்கு மாறானது. கிரயம் முடிக்கும்போது ஒரே ஒரு முறை கட்டணம் கட்டினால் போதும். மாதத் தவணை இல்லை, ஆண்டுத் தவணையும் இல்லை. பொதுவாக, வீட்டின் விலை எவ்வளவோ அவ்வளவுக்கு அது பொறுப்பேற்கிறது. அவனுக்கோ அவன் வாரிசுகளுக்கோ அந்த வீட்டில் உரிமை இருக்கும் காலம் வரையில் காவலும் இருக்கும். எவனாவது வழக்குத் தொடுத்தால், காப்பீட்டுக்கு உட்பட்ட விஷயமாயின், வழக்கறிஞர் வைத்து வாதாடும் செலவும் நிறுவனத்தைச் சேர்ந்தது. கோர்ட்டுப் படியேறிப் பழகியவர்களுக்குத் தெரியும், தோற்ற வழக்கில் மட்டுமல்ல, வென்ற வழக்கிலும் ஏழை ஓட்டாண்டியாவதுண்டு! அந்த ஒரு பாதுகாப்புக்கே இது தகும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல மாநிலங்களில், இரண்டு காப்பீடுகளையும் ஒரே சமயத்தில் எடுத்தால் கட்டணத்தில் சலுகை உண்டு. சில வட்டாரங்களில் சொந்தக்காரர் காப்பீட்டுக்கு விற்பவரே பணம் கட்டும் வழக்கமும் இருக்கிறது. அப்படியிருந்தும் எத்தனையோ பேர் அதைக் கேளாமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஏன் தரகர் சொல்ல வேண்டும்?

பாங்கி சொல்லாதா என்று கேட்கலாம். பாங்கியின் கவலை பாங்கியின் பணம். அதற்குக் காவல் வந்துவிட்டது, வேலை முடிந்தது. விற்பவர் சொல்வாரா? பணத்தை எண்ணிக்கொண்டு போகவேண்டும் என்பது அவர் நினைப்பு. சட்டப்படி சில தாள்களில் இந்தச் செய்தி அச்சாகித்தான் வருகிறது. கிரயச் செலவுப் படிவத்தில் சொந்தக்காரர் காப்பீடு என்ற வரிக்குப் பக்கத்தில், விருப்பமானால் எடுக்கலாம் என்ற ஒரு சொல் இருக்கும். பரபரப்பான நாளில், படித்துப் பழகாதவன் கண்ணில் அந்த ஒரு சொல்லா படும்? பட்டாலும், "விருப்பமானால்தானே? வேண்டாம், மிச்சப்படுத்துவோம்" என்றுதானே தோன்றும்?

தரகர் ஒருவர்தான் முதல் நாள் முதல் கடைசி நாள் வரையில் வாங்குவோருடன் நடப்பவர். எந்தத் தெருவில் தண்ணீர் வரும், எந்தப் பள்ளிக்கூடம் பக்கம், எந்த வீட்டுக் கூரை ஒழுகும் என்று அவர் சொல்லத்தான் வாங்குவோன் கேட்கிறான். கூரை ஒழுகுவதைச் சொல்பவர், பாத்தியதை ஒழுகினால் என்ன செய்வது என்பதைச் சொல்லாமல் விடலாமா?

அங்குள்ள தேசியத் தரகர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு ஒழுக்க விதிகள் வகுத்திருக்கிறது. யாருக்காக வேலை செய்கிறார்களோ அவருடைய நலனைக் காத்து வளர்க்க வேண்டும் என்பது அதன் முதல் விதி. 2024 ஆகஸ்டு முதல், அந்தச் சங்கம் ஒரு பெரிய வழக்கில் செய்துகொண்ட சமரசத்தின்படி, வாங்குவோருக்காக வேலை செய்யும் தரகர் வீட்டைக் காட்ட அழைத்துப் போகுமுன்பே எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். தரகு எவ்வளவு என்பதையும் அதில் எழுத வேண்டும். நல்லது! தரகு எவ்வளவு என்று எழுதுகிறவர்கள், தரகுக்கு ஈடாகச் செய்யும் கடமை என்ன என்பதையும் உணர வேண்டாமா?

தரகருக்கும் இதில் நன்மை உண்டு. பாத்தியதை கெட்டு வீடு போனவன் முதலில் யார் சட்டையைப் பிடிப்பான்? விற்றவன் ஊரைவிட்டே போயிருப்பான். பாங்கியின் கதவு மூடியிருக்கும். அறிந்த முகம் தரகர் முகந்தான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவன் கேட்கும் கேள்விக்கு நீதிமன்றம் தண்டனை தரலாம், தராமலும் போகலாம்; ஊர் தண்டனை தந்தே தீரும். "எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுத்திலேயே சொன்னேன்" என்று காட்டக்கூடிய தரகர் நிமிர்ந்து நிற்பார்.

மறுப்பாளர் கேள்விகள்

"தரகர் சட்டம் பேசலாமா? அது வழக்கறிஞர் வேலையல்லவா?" என்று சிலர் கேட்கிறார்கள். பாத்தியதை நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லும்படி யாரும் தரகரைக் கேட்கவில்லை. "ஐயா, பாங்கிக்கு எடுக்கும் காப்பீடு உங்களைக் காக்காது. உங்களுக்கென்று தனியாக ஒன்று உண்டு. அதன் விலையையும் விதிவிலக்குகளையும் கேட்டு, ஐயம் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, எடுத்துக்கொள்ளுங்கள்." இவ்வளவுதான் பேச்சு. இதற்குச் சட்டப் படிப்பு வேண்டியதில்லை. நெஞ்சில் ஈரம் இருந்தால் போதும். வழக்கறிஞர் தேவைப்படும் இடத்தில் வழக்கறிஞரை நாடும்படி சொல்ல வேண்டும் என்றுதான் அந்தச் சங்கத்தின் விதிகளும் கூறுகின்றன.

"வீண் செலவு! நூற்றில் எத்தனை வீட்டுக்கு வழக்கு வருகிறது?" என்று வேறு சிலர் கேட்கிறார்கள். மெய்தான். வழக்கு வருவது சில வீடுகளுக்கே. நிறுவனங்கள் முன்கூட்டியே பதிவுகளை ஆராய்ந்து, கண்ணில் பட்ட பழுதுகளைச் சரி செய்த பிறகே பொறுப்பேற்பதால், அவை வசூலிப்பது அதிகம். ஈடாகத் தருவது குறைவு. இதை மறைத்துப் பேசுவது நம் வழக்கமன்று. ஆனால் ஒன்று. நூறு வீடு வைத்திருப்பவனுக்கு ஒன்று போனால் தொண்ணூற்றொன்பது மிச்சம். ஒரே வீடு வைத்திருப்பவனுக்கு ஒன்று போனால் மிச்சம் என்ன? தெரு! கணக்குப் போடும்போது யாருடைய கணக்கு என்பதைப் பார்த்துப் போட வேண்டும்.

"தரகர் பரிந்துரைத்தால், அதிலும் கமிஷன் அடிப்பார்" என்பது மூன்றாவது கேள்வி. இது அடிப்படை உள்ள அச்சந்தான். அங்கே இந்தத் தொழிலில் ஒரு நோய் நெடுங்காலமாக உண்டு. வாங்குவோன் தானாக நிறுவனத்தைத் தேடிப் போவதில்லை. தரகரோ பாங்கியோ காட்டும் இடத்துக்குப் போகிறான். ஆகவே நிறுவனங்கள் வாங்குவோனுக்கு விலையைக் குறைப்பதைவிட, ஆள் அனுப்புவோரைக் குளிப்பாட்டுவதில் கருத்தாக இருந்தன. இதைத் தடுக்க 1974ல் ஒரு மத்திய சட்டம் வந்தது. வீட்டுக் கடன் தொடர்பான கிரயத்தில், ஆள் அனுப்பியதற்காகக் கையூட்டுக் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். 10 ஆயிரம் டாலர் வரை அபராதம். ஓராண்டு வரை சிறை. குறிப்பிட்ட நிறுவனத்திடந்தான் காப்பீடு எடுக்க வேண்டும் என்று விற்பவர் வாங்குவோரை வற்புறுத்தவும் கூடாது. சட்டம் வந்தும் நோய் முற்றாகத் தீரவில்லை. 2007ல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு இத்தொழிலை ஆராய்ந்து, வாங்குவோரைக் காக்க மேற்பார்வையைப் பலப்படுத்த வேண்டும் என்று அறிக்கை தந்தது.

ஆகவே நாம் சொல்வது இது: தரகர் காப்பீட்டைப் பரிந்துரைக்கட்டும், கம்பெனியைத் திணிக்க வேண்டாம்! "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது கடமை. "இவரிடந்தான் எடுக்கவேண்டும்" என்று சொல்வது வியாபாரம். இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்கச் சொல்லும் தரகரே நேர்மையான தரகர்.

எல்லா நோய்க்கும் இது மருந்தல்ல என்பதையும் அவர் சொல்ல வேண்டும். வாங்குவோன் தெரிந்தே ஏற்றுக்கொண்ட பழுதுக்கு ஈடு கிடையாது. அவனே உண்டாக்கிய சிக்கலுக்கும் கிடையாது. இந்த இடத்தில் இன்னதுதான் கட்டலாம் என்ற நகர விதிகளுக்குப் பொதுவாக இது பொறுப்பேற்காது. காப்பீட்டுப் பத்திரத்தில் விதிவிலக்கு என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்திடுபவன், ஓட்டைக் குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்குபவனுக்கு ஒப்பானவன்.

அரசு செய்யக்கூடாதா?

இவ்வளவு தூரம் வந்தபிறகு, உழைப்பாளித் தோழர் ஒரு கேள்வி கேட்பார். "பதிவு செய்வது அரசு, கட்டணம் வாங்குவதும் அரசு. உறுதி தருவதற்கு மட்டும் தனியார் கம்பெனியா?" நியாயமான கேள்வி!

அமெரிக்காவிலேயே அயோவா என்ற மாநிலம் இதற்கு விடை கூறியிருக்கிறது. 1947ல் அங்கே தனியார் நிறுவனங்கள் இந்தக் காப்பீட்டை விற்பதைத் தடுத்துச் சட்டம் செய்தார்கள். 1985ல் மாநில அரசே உறுதி அளிக்கும் அமைப்பு ஒன்றை ஏற்படுத்தினார்கள். வழக்கறிஞர் பதிவுகளை ஆராய்கிறார். அரசின் அமைப்பு உறுதிப் பத்திரம் தருகிறது.

அதற்கும் முன்பே, 1858ல், தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் ஒரு முறையைச் சட்டமாக்கினார். பத்திரத்தைப் பதிவதல்ல, பாத்தியதையையே பதிவது! அரசின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர். நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிலச் சட்டத்தின் அடிப்படை இந்த முறைதான். அரசு மனம் வைத்தால் செய்ய முடியும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

நம் வாசலில்

இனி நம் ஊருக்கு வருவோம். நம் பதிவுச் சட்டம் 1908ல் வந்தது. அதுவும் பத்திரத்தைப் பதியும் சட்டமே. பாத்தியதைக்கு உறுதி தரும் சட்டமன்று. 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. விற்பவனுக்குப் பாத்தியதை உண்டா என்று ஆராய்வது 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சார்பதிவாளர் வேலையல்ல என்று கூறி, அதற்கு மாறாக இருந்த தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றைச் செல்லாது என்று தள்ளியது. மூலப் பத்திரத்தைக் காட்டு என்று கேட்பது வேறு. இந்தச் சொத்து உனக்கே என்று உறுதி தருவது வேறு. முதலாவதற்குப் புதிது புதிதாக விதி செய்யலாம். இரண்டாவது நம்மிடம் இன்னும் இல்லை. "பத்திரம் பதிந்தாயிற்று, இனி எவன் என்ன செய்வான்?" என்று மார்தட்டும் தோழர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டு மனைவணிகச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. அதன் 16ஆம் பிரிவு, கட்டி விற்கும் நிறுவனம், அரசு அறிவிக்கை செய்யும் காப்பீடுகளை எடுக்க வேண்டும் என்கிறது. நிலத்தின், கட்டடத்தின் பாத்தியதைக்கான காப்பீடும் அதில் குறிப்பிடப்பட்டிருக்கிறது. 18ஆம் பிரிவின்படி, பாத்தியதைப் பழுதால் வாங்கியவருக்கு நஷ்டம் நேர்ந்தால், கட்டி விற்றவர் ஈடு தர வேண்டும். காலம் கடந்துவிட்டது என்று அவர் தப்பிக்க முடியாது. அச்சட்டத்துக்கு உட்பட்ட மனைகளையும் வீடுகளையும் விற்றுத் தரும் தரகர் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வாங்குவோருக்கு உரிய தகவல்களும் ஆவணங்களும் கிடைக்கச் செய்யவும் வேண்டும். ஆனால், ஒருவர் மற்றவருக்கு விற்கும் பழைய வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு எட்டுவதில்லை. உழைப்பாளி பெரும்பாலும் வாங்குவது அந்தப் பழைய வீட்டையல்லவா?

அமெரிக்காவைப் போல், தனி மனிதன் தன் வீட்டுக்கு உரிமைக் காப்பீடு எடுக்கும் பழக்கம் இங்கே இன்னும் வேரூன்றவில்லை. பாங்கி வழக்கறிஞர் லீகல் பார்த்துவிட்டார் என்ற ஒரே நம்பிக்கையில் நம் தோழர்கள் அச்சாரம் கொடுக்கிறார்கள். அந்த வழக்கறிஞர் யாருக்காகப் பார்த்தார்? பாங்கிக்காக! டெட்ராய்ட் தொழிலாளியின் கதையே கோயமுத்தூர் மில் தொழிலாளியின் கதையும் ஆகிவிடக் கூடாது.

ஆகவே தோழர்களே, வீடு வாங்கப் போகும்போது தரகரைக் கேளுங்கள். "பாங்கிக்கு என்ன பாதுகாப்பு என்று தெரிந்துகொண்டேன். எனக்கு என்ன பாதுகாப்பு?" என்று கேளுங்கள். அச்சாரம் கொடுக்குமுன், உங்களுக்காக மட்டும் வேலை செய்யும் ஒரு வழக்கறிஞரிடம் தாய்ப் பத்திரம் முதல் வில்லங்கச் சான்று வரையில் காட்டுங்கள். வாரிசுகள் எத்தனை பேர் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். புதுக் கட்டடமானால், பாத்தியதைக்குக் காப்பீடு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

நம்மிடையே தரகுத் தொழில் செய்யும் தோழர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சொல். நீங்கள் விற்பது கல்லும் மண்ணும் அல்ல. ஒரு குடும்பத்தின் முப்பது ஆண்டு வியர்வை! சிங்காரித்த முகப்பைக் காட்டுவதோடு நில்லாமல், சிக்கல் வந்தால் எது காக்கும், எது காக்காது என்பதையும் சொல்லுங்கள்.

பாத்தியதைக்கு அரசே உறுதி கூறும் நாள் வரவேண்டும். அந்த நாள் வரும் வரையில், அறிந்தவன் அறியாதவனுக்குச் சொல்வதுதான் ஏழைக்கு உள்ள காவல். சொல்லுவோம், கேட்போம், கேட்கும்படி மற்றவர்களையும் தூண்டுவோம்!